டயருக்கும் ஒரு ஜாதகம் உண்டு



சென்ற இதழில் மாவடு பக்குவம் எழுதியவள், இந்த இதழில் டயரைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்காதீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆக இருந்தது, தெய்வாதீனமாகத் தப்பித்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்து வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறோம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம். ஜாக்கெட் துணி எடுத்தால் பன்னா எத்தனை என்று கேட்காமல் விடமாட்டோம். ஆனால் குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தினம் போய் வருகிறோமே, அந்த வண்டியின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறோமா? நானும் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும்!

எங்கள் ஊர் திருநாவலூர். விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே, பெருஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஊர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த தலம் என்றால் உங்களுக்கு உடனே விளங்கிவிடும். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாராம். அந்த வழியே வந்த நரசிங்க முனையரையர் என்ற மன்னர் பிள்ளையின் அழகில் மயங்கி, தகப்பனார் சடையனாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வளர்த்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்தத் தேருக்கு பஞ்சர் கிடையாது, நம்பரும் கிடையாது. நம் பிள்ளைகள் ஏறுகிற வண்டிக்கு இரண்டும் உண்டு. நம்பரைப் படிக்காமல் விட்டதால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

என் மருமகள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். 2018இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை அரசு மானியம் கொடுத்தார்களே, அதில் வாங்கிய வண்டி. அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்ததே 2019இல்தான். நாலு வருஷ ஓட்டத்தில் பின் டயர் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. வெளியூரில் ஒரு கடையில் விட்டு டயர் மாற்றிக்கொண்டு வந்தாள். “புதுசு அத்தே, மத்த கடையைவிட முந்நூறு ரூபா கம்மி” என்று சந்தோஷமாகச் சொன்னாள். நானும், “பரவாயில்லையே, சாமர்த்தியசாலிதான்” என்று மெச்சினேன். மெச்சிய வாயால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆனி மாதம். பண்ருட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் பேரனோடு திரும்பி வருகிறாள். அம்மா வீட்டுக்குப் போனவள் வெறுங்கையோடா வருவாள்? காலடியில் 25 கிலோ அரிசிச் சிப்பம், பின்னால் கம்பியில் கட்டிய 12 கிலோ பலாப்பழம். லேசான தூறல். ஊருக்குத் திரும்புகிற வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டியது. அடுத்த நிமிஷம் மூவரும் தரையில். அரிசி, பிள்ளை, அவள். தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. பேரனுக்கு முழங்கை சிராய்ப்பு, இவளுக்கு முட்டியில் நல்ல காயம். பலாப்பழம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் உருண்டுபோய் வேலியோரம் உட்கார்ந்துகொண்டதாம். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால்? அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலையில் வண்டிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். பேரன் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்றான். இரண்டாம் வகுப்பு. எங்கே எழுத்தைக் கண்டாலும் சத்தம்போட்டுப் படிக்கிற வயசு.

“ஆயா, முன்னாடி தொண்ணூறுன்னு போட்டிருக்கு. பின்னாடி மூணுன்னு போட்டிருக்கு. ஏன் ஆயா?”

எனக்குச் சுருக்கென்றது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முன் டயரில் 90/100-10 53ஜே. பின் டயரில் 3.00-10 42ஜே. ஜே என்பது ஆங்கில எழுத்து. இரண்டையும் அப்படியே ஒரு சீட்டில் எழுதி, லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் இருந்த என் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் சீட்டைப் பார்த்ததும் சொன்னான்: “அக்கா, இது டயரோட ஜாதகம். மாப்பிள்ளை ஜாதகம் பார்க்கிறவங்க இதைப் பார்க்க வேண்டாமா?”

அன்று அவன் சொல்லிக்கொடுத்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள். இட்லிக்கு அரிசி உளுந்து போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய கணக்கு இல்லை.

முதல் பாடம்: அளவு

90/100-10 என்றால் என்ன? முதலில் உள்ள 90 டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதாவது 9 சென்டிமீட்டர். கடைசியில் உள்ள 10, டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். நடுவில் உள்ள 100தான் எல்லோரையும் ஏமாற்றுகிற எண். இது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. பங்கு. ஒரு படி அரிசிக்குக் கால் படி உளுந்து என்கிறோமே, அது மாதிரி. டயரின் பக்கவாட்டு உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்கிறது. இங்கே நூற்றுக்கு நூறு. அகலம் 90 என்றால் உயரமும் 90 மில்லிமீட்டர்.

ஒரே வரியில் மில்லிமீட்டர், பங்கு, அங்குலம் என்று மூன்று கணக்கு! மூணு மளிகைக் கடையில் வாங்கிய சாமானை ஒரே பையில் போட்ட கதைதான். ஆனால் பிரித்து வைத்துக்கொண்டால் சுலபம்.

டயரின் முழு உயரம் வேண்டுமா? ரிம்முக்கு மேலே ஒரு பக்கவாட்டு, கீழே ஒரு பக்கவாட்டு, நடுவில் ரிம். 90 + 90 = 180. ரிம் 10 அங்குலம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் 254. கூட்டினால் 434 மில்லிமீட்டர். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது பின்னால் போட்டிருந்த 3.00-10ஐப் பார்ப்போம். இது பழைய பாணி. அகலமும் அங்குலம், ரிம்மும் அங்குலம். நடுவில் பங்கு சொல்லாவிட்டால், உயரமும் ஏறக்குறைய அகலத்தின் அளவே என்று வைத்துக்கொள்ளலாம். 3 + 3 + 10 = 16 அங்குலம், அதாவது சுமார் 406 மில்லிமீட்டர். முன்னால் 434, பின்னால் 406. அகலமோ 90 இருக்க வேண்டிய இடத்தில் 76. எங்கள் வண்டி ஒரு மாதமாகப் பின்னால் குட்டைச் செருப்பும் முன்னால் உயரச் செருப்பும் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது!

அந்தக் காலத்து பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கிறதா? கணவர், மனைவி, முன்னால் நிற்க ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை என்று குடும்பமே போகுமே! அதில் 3.50-10 டயர். கணக்குப் போட்டால் 17 அங்குலம், சுமார் 432 மில்லிமீட்டர். இன்றைய 90/100-10க்கு 434. எழுதுகிற விதம்தான் மாறியிருக்கிறது, உயரம் கிட்டத்தட்ட அதேதான்.

இரண்டாம் பாடம்: சுமை

அளவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். எண், அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறி. எண்ணே கிலோ என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. 42 என்றால் 150 கிலோ. 53 என்றால் 206 கிலோ. 54 என்றால் 212 கிலோ. அதுவும் காற்று சரியாக இருந்தால்தான். எழுத்து, எவ்வளவு வேகம் வரை தாங்கும் என்பது. ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், எல் என்றால் 120, பி என்றால் 150, எஸ் 180, டி 190. எச் மட்டும் வரிசை தப்பி வந்து 210.

இப்போது எங்கள் வண்டியின் அன்றைய பாரத்தைக் கூட்டிப் பாருங்கள். வண்டி 109 கிலோ, மருமகள் 58, பேரன் 22, அரிசி 25, பலாப்பழம் 12. ஆகமொத்தம் 226 கிலோ. இதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் விழும். பத்தில் ஆறு பங்கு என்றே வைத்தாலும் 135 கிலோ. சரியான டயர் இருந்திருந்தால் 206இல் 71 கிலோ கையிருப்பு. போட்டிருந்த டயரில் கையிருப்பு வெறும் 15 கிலோ. காற்று கொஞ்சம் குறைந்திருந்தால் அதுவும் இல்லை. மாதச் சம்பளத்தில் கடைசித் தேதிக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம் இருப்பது மாதிரி. ஒரு சின்னக் குழி போதும்.

விழுந்ததற்கு டயர் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தூறலும் உண்டு, சுமையும் உண்டு. அம்மா வீட்டு அரிசியை ஆட்டோவில் போட்டிருக்கலாம். ஆனால் வழுக்குகிற சாலையில் ஒரு தாயையும் பிள்ளையையும் பிடித்து நிறுத்த வேண்டியது அந்த நாலு விரல் அகல ரப்பர்தான். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் சேர்ந்து கவிழ்க்கும்.

மூன்றாம் பாடம்: பிறந்த தேதி

ஜாதகம் என்றால் பிறந்த தேதி இல்லாமலா? டயர் ஓரத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள், அல்லது ஒரு நீண்ட குறியீட்டின் கடைசியில், நாலு இலக்கம் தேடுங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2321 என்றால் 2021ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் டயரில் என்ன இருந்தது தெரியுமா? 1415. 2015ஆம் வருஷம் 14ஆவது வாரம்! 2022இல் ‘புதுசு’ என்று வாங்கிய டயர், பேரனைவிட மூத்தது. முந்நூறு ரூபாய் குறைச்சலின் ரகசியம் அதுதான்.

டயர் ஓடாமல் கிடந்தாலும் கிழடு தட்டும். ரப்பர், காற்றும் வெயிலும் பட்டு இறுகும். இறுகினால் ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும், ஓரத்தில் மயிரிழை போல் வெடிப்பு விடும். உங்கள் குக்கர் காஸ்கெட்டைப் பாருங்கள், புரியும். ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் நன்றாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான்.

பட்டன் தேய்ந்ததைக் காட்டவும் ஒரு ஏற்பாடு உண்டு. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் விடைபெறுகிறது என்று அர்த்தம். காருக்கு அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம்.

கோலமாவுப் பரீட்சை

தம்பி சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. நம்மிடம் இல்லாத கருவியா! கோலமாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து முன் டயரில் தரை தொடுகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். மருமகள் வண்டியில் ஏறாமல், நேராகத் தள்ளிக்கொண்டே போனாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தரையில் ஒரு புள்ளி விழுந்தது. இரண்டு புள்ளிக்கும் நடுவே தையல் டேப்பை வைத்து அளந்தேன். 134 சென்டிமீட்டர். பின் டயருக்கும் அப்படியே செய்தேன். 126!

கணக்குப்படி 434 மில்லிமீட்டர் உயர டயரின் சுற்றளவு, 3.14ஆல் பெருக்கினால், சுமார் 136 சென்டிமீட்டர். 406க்குச் சுமார் 128. வண்டி தன் பாரத்தில் டயரைக் கொஞ்சம் அமுக்குவதால் ஓரிரண்டு சென்டிமீட்டர் குறைவது சகஜம். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம்! வாசல் தரையில் கோலப்புள்ளியே சாட்சி சொல்லிவிட்டது. மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “அத்தே, கெளம்புங்க, கடைக்குப் போலாம்” என்றாள்.

போனோம். ஆட்டோவில்தான்! வண்டியைத் தம்பி தன் மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். கடைக்காரர் முதலில், “ரிம்முல கச்சிதமா உக்காந்துடுச்சில்லக்கா, அப்புறம் என்ன?” என்றார். இந்த வார்த்தையைத்தான் நீங்களும் கேட்பீர்கள். கடைசி எண் 10 என்று இருந்தால் போதும், எந்த டயரும் அந்த ரிம்மில் உட்கார்ந்துவிடும். செருப்பில் கால் நுழைந்துவிட்டால் அது நம் அளவு ஆகிவிடுமா? மருமகள் சீட்டை நீட்டி, “90/100-10 வேணும், 53க்குக் குறையக் கூடாது, தேதி ஒரு வருஷத்துக்குள்ள இருக்கணும்” என்றாள். அவர் சீட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு டயர் வந்தது. அவளே குனிந்து தேதியைப் படித்தாள். ஆறு மாதத்துப் பிள்ளை! மேற்கொண்டு ஆன பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். சண்டை இல்லை, சத்தம் இல்லை. படிக்கத் தெரிந்தவளிடம் யாரும் வாதாடுவதில்லை.

கார் உள்ள வீடுகளுக்கு

கார் டயரிலும் இதே கணக்குத்தான். 165/80 ஆர் 14 82டி என்று இருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர். உயரம் அதில் நூற்றுக்கு 80, அதாவது 132. இரண்டு பக்கமும் 264. ரிம் 14 அங்குலம், 355.6. மொத்தம் 619.6 மில்லிமீட்டர். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும்.

நடுவில் உள்ள ‘ஆர்’ என்ன? ரிம்மின் ஆரம் என்று பலபேர் நினைக்கிறார்கள். ரேடியல் என்பதன் முதலெழுத்து அது. டயருக்குள் நூல் இழைகள் ஓடுகின்றன. பழைய முறையில் அவை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும், கிராஸ் கட்டிங் ஜாக்கெட் மாதிரி. ரேடியலில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். ஃபிரான்சின் மிஷலின் கம்பெனி இதற்குக் காப்புரிமை கேட்டது 1946இல். ஸ்கூட்டர் டயரில் ‘ஆர்’ இல்லாமல் வெறும் கோடு இருந்தால் அது பெரும்பாலும் குறுக்கு இழைதான். எந்த வகையோ, வண்டிக்காரக் கம்பெனி சொன்னதையே போடுங்கள். ஒரே அச்சில் இதில் ஒன்று அதில் ஒன்று என்று கலக்கக் கூடாது.

அதே 1946இல்தான், நம் திருநாவலூர்ப் பிள்ளை சுந்தரர் சங்கிலியாரை மணந்த திருவொற்றியூரில், கே.எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் ஊதும் பலூன் செய்கிற ஒரு சின்னப் பட்டறை தொடங்கினார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆயிற்று. பலூனில் பிடித்த ரப்பர் விட்டதா பாருங்கள்!

இன்னொரு வேடிக்கை. 2018இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரில் விலை குறைந்த மாடலுக்கு 165/80 ஆர் 14, விலை கூடிய மாடலுக்கு 185/65 ஆர் 15. ரிம் ஒரு அங்குலம் பெரிசு, அப்படியானால் சக்கரமும் பெரிசு என்றுதானே தோன்றும்? கணக்குப் போடுங்கள். 185இல் நூற்றுக்கு 65 என்றால் 120.25. இரண்டு பக்கம் 240.5. ரிம் 381. மொத்தம் 621.5 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்! ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கவாட்டைக் குட்டையாக்கிவிட்டார்கள். ஏனென்றால் சக்கரத்தின் முழு உயரம் மாறினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். ஓடிய கிலோமீட்டரும் பொய்யாகும்.

சைக்கிளுக்கும் உண்டு

கடைசியாகச் சைக்கிள். இதில் எங்க வீட்டுக்காரரே ஏமாந்தார். பேத்தியின் லேடீஸ் சைக்கிளுக்கு டயர் வாங்க உளுந்தூர்பேட்டை போனவர், “26 இன்ச்” என்று மட்டும் சொல்லி வாங்கி வந்துவிட்டார். வீட்டில் மாட்டிப் பார்த்தால் ரிம்மில் ஏறவே இல்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் டியூப்தான் கிழிந்தது.

விஷயம் இதுதான். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியது ஒரு ஜாதி. 26 × 1.75 என்று புள்ளி வைத்து எழுதியது வேறு ஜாதி. இரண்டுக்கும் 26 பொது என்றாலும் ரிம் வேறு. ஓரத்தில் இன்னொரு சிறு எழுத்தில் 37-590 என்றும், மற்றதில் 47-559 என்றும் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். 590க்கு 559 எப்படிச் சேரும்? பெரியவர்களின் பழைய 28 × 1½ சைக்கிளில் 40-635 என்று இருக்கும். ஆகவே சைக்கிளுக்கு இந்த இரண்டாவது எண்தான் நம்பகமான ஜாதகம். பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

இன்றைக்கே ஒரு சின்னச் சீட்டில் இவற்றைக் குறித்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள்:

1. வண்டியோடு வந்த கையேட்டில் முன் டயருக்கும் பின் டயருக்கும் என்ன அளவு சொல்லியிருக்கிறது? சில ஸ்கூட்டர்களில் முன்னால் 90/90-12, பின்னால் 90/100-10 என்று கம்பெனியே வேறு வேறாகக் கொடுத்திருக்கும். அது தவறில்லை. கையேட்டில் உள்ளதுதான் வேதம்.

2. சுமைக் குறியும் வேக எழுத்தும். புது டயரில் இவை கையேட்டில் சொன்னதைவிடக் குறையக் கூடாது.

3. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? 2009ஆம் வருஷ ஆணைப்படி நம் நாட்டில் விற்கும் மோட்டார் வண்டி டயருக்கு அது கட்டாயம். இருசக்கர வண்டி டயரில் முத்திரையோடு ஐ.எஸ். 15627 என்றும், கார் டயரில் ஐ.எஸ். 15633 என்றும் இருக்கும்.

4. நாலு இலக்கத் தேதி. பணம் கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே படியுங்கள். மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் பார்ப்பது கஷ்டம்.

5. அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றுகிற திசையில் அது இருக்க வேண்டும்.

6. டயரில் எழுதியிருக்கும் காற்றளவு, அது தாங்கக்கூடிய அதிகபட்சம். நீங்கள் அடிக்க வேண்டிய அளவு கையேட்டில், அல்லது கார் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். வாரம் ஒரு முறை, டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு: 90/100-10, 100/90-10. எண்கள் இடம் மாறியிருக்கின்றன. இரண்டும் ஒரே டயரா? விடையைக் கீழே பார்க்காமல் போடச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காற்றடைத்த டயர் எப்படிப் பிரபலமானது தெரியுமா? 1888இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் இருந்தார். அவருடைய சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். கெட்டிச் சக்கரம் கல்சாலையில் தடதடவென்று குலுக்கும். பிள்ளையின் உடம்பு அலுங்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் அந்தத் தகப்பன் ரப்பருக்குள் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார். அந்த வருஷமே காப்புரிமையும் பெற்றார்.

ஒரு பிள்ளைக்காகச் செய்த பொருள் அது. நம் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால், நாம் ஒரு நிமிஷம் குனிந்து அதைப் படித்தால் என்ன? எங்கள் வீட்டில் இப்போது வண்டி எடுக்கும்போதெல்லாம் பேரன்தான் முன்னும் பின்னும் ஓடிப்போய், “தொண்ணூறு, நூறு, பத்து... சரியா இருக்கும்மா!” என்று உத்தரவு கொடுக்கிறான். அதன் பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும்.

(விடை: உயரம் இரண்டுக்கும் ஒன்றேதான், 434 மில்லிமீட்டர். 100இல் நூற்றுக்கு 90 என்றாலும் 90தானே! ஆனால் இரண்டாவது டயர் 10 மில்லிமீட்டர் அகலம் கூட. மட்கார்டிலோ பக்கத்துக் கம்பியிலோ உரசலாம். ஆகவே ஒரே டயர் ஆகாது. சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு பலாச்சுளை கொடுங்கள்.)